சில்வானோவின் படமும் லெசிராயோனின் கல்யாணமும்

என் வீட்டுக்காரர் சில்வானோ லெங்குரிஸ் வெளியூர் போய்த் திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது அவருடைய நடைதான். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வருவார். தோளில் கேமராப் பை, கையில் தடி, தலை நிறையப் புழுதி. வந்ததும் கதவோரம் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துகொள்வார். பால் நிறைய விட்ட டீயைக் கையில் கொடுத்தால் பாதி குடிப்பார், மீதி ஆறிப்போகும். அவருடைய வேலை என்றாலே எனக்கு அந்த ஆறிப்போன டீதான் நினைவுக்கு வரும்.

அவர் வேலை, மனிதர்களைப் படம் பிடிப்பது. எங்கள் சம்புரு ஜனங்களை, பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கும் ரெண்டில்லேக்களை, மலைக்கு அந்தப் பக்கத்துத் துர்க்கானாக்களை, ஏரிக்கரையில் மீனைத் தவிர வேறு ஒன்றும் அறியாத சின்ன ஜனத்தை. பராகோய் ஊரிலிருந்து ஏரி வரைக்கும் அவரைத் தெரியாத குடிசை இல்லை. ஒரு கண்ணை மூடுகிறவன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இளவயதில் நன்யுகி டவுனில் ஒரு குஜராத்திக்காரரின் ஸ்டுடியோவில் தரை கூட்டப் போனார். அங்கேதான் படம் கழுவி அச்சுப்போடும் இருட்டறை வேலை பழகினார். பிறகு வெள்ளைக்காரர்கள் வந்து எங்கள் ஜனங்களைப் படமெடுக்கும்போது அவர்களுக்கு வழிகாட்டினார், மூட்டை தூக்கினார், "இங்கே நில், வெயில் இந்தப் பக்கம்" என்று சொல்லிக் கொடுத்தார். அந்தப் படங்கள் எங்கேயோ தடித்தடியான புத்தகங்களாயின. படத்தில் இருந்தவர்களுக்கு ஒரு தாள்கூட வரவில்லை. "நம்ம முகத்தையெல்லாம் எங்கடா கொண்டுபோறாங்க?" என்று அவருடைய சித்தப்பா கேட்டாராம். அதைக் கேட்ட பிறகுதான் இவர் சொந்தமாக ஒரு பழைய கேமரா வாங்கினார்.

தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். ஓர் ஆளைப் படமெடுத்தால், அதை அச்சுப்போட்டு அந்த ஆள் கையில் கொடுத்த பிறகுதான் அவரை மறுபடி எடுப்பார். சொல்ல நன்றாக இருக்கிறது. எங்கள் ஜனங்களோ மாட்டின் பின்னால் போகிறவர்கள். மழை எங்கே பெய்ததோ அங்கே குடிசை. ஒரு படத்தைக் கொடுக்க இவர் மலை ஏறிப் போவார், அவர்கள் நேற்றுத்தான் கிளம்பினார்கள் என்பார்கள் அங்கே இருப்பவர்கள். சில சமயம் ஆளே போய்ச் சேர்ந்திருப்பார். செத்தவர் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை, படத்தை எப்படி நீட்டுவது? திருப்பிக் கொண்டுவந்து தகரப்பெட்டியில் வைப்பார். அந்தப் பெட்டி நிறைய அப்படிப்பட்டவர்கள். நான் செபமாலை சொல்லும்போது கடைசியில் அவர்களுக்காகவும் ஒன்று சேர்த்துச் சொல்வேன்.

அவர் மனசில் ஓர் ஆசை இருந்தது. ஒரு தலைமுறை மொரான்களை முதல் சடங்கிலிருந்து கடைசிச் சடங்கு வரைக்கும் படமெடுக்க வேண்டும். கல்யாணம் ஆகும்வரை மாட்டுக்கும் மேய்ச்சலுக்கும் காவல் நிற்கிற வாலிபர்கள்தான் மொரான்கள். சடையில் செம்மண் பூசி, ஈட்டியோடு திரிவார்கள். பையன்களாக இருந்தவர்கள் மொரான்களாவதிலிருந்து, அந்தத் தலைமுறை முழுதும் முடித்துப் பெரியவர்களாவது வரை பல வருஷம் பிடிக்கும். வெள்ளைக்காரர்கள் வருவார்கள், ஒரு சடங்கை எடுப்பார்கள், போய்விடுவார்கள். முழுசாக இருந்து பார்த்தவன் யாருமில்லை. இவர் இருந்தார். இந்தத் தலைமுறையில் நடந்த எல்லாச் சடங்கும் அவர் பெட்டியில் இருந்தது. முடிவுச் சடங்கு ஒன்றுதான் பாக்கி.

அப்படி எடுத்த படங்களில் ஒன்று, லெசிராயோன் என்ற மொரான் காட்டில் இறைச்சி தின்னும் படம்.

அதை எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்யாணமான பெண்ணின் கண் பட்ட இறைச்சியை மொரான் தொடமாட்டான். அதனால் ஊரை விட்டு விலகி, மரங்கள் அடர்ந்த பள்ளத்தில் மாட்டை அடித்து, தாங்களே சுட்டுத் தின்பார்கள். அங்கே பெண் வாடையே ஆகாது. இவரை மட்டும் கேமராவோடு விட்டிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து எங்கள் மகன் அல்பானோவுக்கு ஜுரம் ஏறிக் கண் சொருகிவிட்டது. மிஷன் வண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் போகிறது, வந்தால் ஏற்றிக்கொள்கிறோம் என்று சிஸ்டர் சொல்லியனுப்பினார். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் ஓடினேன். கிட்டே போகக்கூடாது என்று எனக்குத் தெரியும். தூரத்திலேயே ஒரு முள்மரத்தடியில், பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து நின்றேன். இருமினேன். மறுபடியும் இருமினேன். புகை வாடை வந்தது, சிரிப்புச் சத்தம் வந்தது, இவர் வரவில்லை. நிழல் நகர்ந்துவிட்டது. அதற்குமேல் நிற்க முடியாமல் திரும்பி ஓடி நானே பிள்ளையோடு வண்டியில் ஏறினேன். கடவுள் அல்பானோவைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு காது மட்டும் மந்தமாகிவிட்டது. பிற்பாடு இவரிடம் சொன்னேன். "கேக்கலயே எலிசபெட்டா" என்றார். படம் பிடிக்கும்போது அவருக்கு எதுவுமே கேட்காது.

லெசிராயோனுக்கு ஒரு படம் கொடுத்தார். அதில் அவன் முகமும், கையும், கையில் இருந்த விலா எலும்பும் மட்டும்தான் இருந்தன. இருட்டறையில் இவர் எப்போதும் ஓரத்தை விட்டுவிட்டு நடுவை மட்டும் பெரிதாக்கித்தான் அச்சுப்போடுவார். லெசிராயோன் அதைத் தன் அம்மாவிடம் கொடுத்தான். அந்த அம்மாள் பால் சுரைக்குடுவைக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தாள்.

வருஷங்கள் போயின. நைரோபியில் ஒரு கம்பெனி காலண்டர் போடப் படம் கேட்டது. இவர் முழங்கால் அப்போதே கெட்டுப்போயிருந்தது. இருட்டறையில் நின்று அச்சுப்போட முடியாமல், கேட்டவர்களுக்கு நெகட்டிவையே கொடுத்துவிட்டார். அவர்கள் ஓரத்திலிருந்து ஓரம் வரை முழுப் படத்தையும் அச்சடித்துவிட்டார்கள். எங்கள் ஜில்லாவுக்கென்று கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. கீழே சின்ன எழுத்தில் சில்வானோ லெங்குரிஸ் என்று இருந்தது. அவர் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. பெயரின் மேல் விரலை வைத்துத் தடவினார். நான் படத்தைப் பார்த்தேன். லெசிராயோனின் தோளுக்குப் பின்னால், மரங்களின் சந்தில், நீலமாக ஒரு பொட்டு.

"இது நான்" என்றேன்.

"எது?"

"இந்த நீலம். மாதா சங்கத்துத் துணி. அன்னைக்கு அதைத்தான் கட்டியிருந்தேன்."

பூதக்கண்ணாடியை எடுத்துவந்து குனிந்தார். நிமிரவேயில்லை.

"முதுகுல என்ன இது, கறுப்பா?"

"அல்பானோ தலை."

கண்ணாடியைப் படத்தின் மேலேயே வைத்துவிட்டு வெளியே போனார். ஆட்டுப்பட்டியின் முள்வேலியைச் சரிசெய்வதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார். வேலி நன்றாகத்தான் இருந்தது.

எத்தனையோ கடையில் அந்தக் காலண்டர் தொங்கியது. சந்தை கூடிய அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. சோமாலிக்காரர் கெடியின் கடை வாசலில் மற்ற மொரான்கள் லெசிராயோனைச் சூழ்ந்துகொண்டு கேலி பண்ணியதை நானே கேட்டேன்.

"டேய், புகையிலை வாங்க வந்தா நீ உள்ள தொங்கிக்கிட்டு மென்னுக்கிட்டு இருக்க!"

"பின்னால நிக்குறது யாருடா? பொம்பளைக்கு ஒரு துண்டாவது குடுத்தியா, இல்ல நீயே முழுங்கிட்டியா?"

"இனிமே இவனுக்குக் காட்டுல எடம் எதுக்கு? அம்மா அடுப்படியிலயே உக்காந்து தின்னட்டும்!"

லெசிராயோன் ஈட்டியைத் தரையில் குத்திவிட்டுப் போனான். சிரிப்போடு முடிகிற விஷயம் இல்லை அது. அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தது. பெண்ணின் அப்பா லெமசுலானி கொஞ்சம் வீம்புக்காரர். பெண்ணின் கண் முன்னால் தின்றவன் மொரானே இல்லை, அவனுக்கு என் மகள் கிடையாது, பரிசமாகக் கொடுத்த மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போ என்று சொல்லியனுப்பிவிட்டார். இந்த மாதிரிப் பேச்சு ஒருவன்மேல் விழுந்துவிட்டால் அடுத்த வீட்டிலும் பெண் கிடைக்காது.

ஒருநாள் லெசிராயோனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அல்பானோ அம்மா, நீ ஜெபம் பண்றவ, உங்கிட்ட கேக்கலாம். உன் வீட்டுக்காரர் எடுத்த படம்தானே? அந்தப் பொம்பள யாருன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். பேரை மட்டும் சொல்லச் சொல்லு. அவ காலைப் புடிச்சுக் கேப்பேன், பாத்தியா, பாக்கலையான்னு. என் பையன் நாலு நாளா பால்கூட குடிக்கல."

"டீ குடிச்சிட்டுப் போ யேயோ" என்றேன். எங்களில் தாய் வயதுக்காரியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"டீ எல்லா வீட்டுலயும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போகும்வரை இவர் உள்ளே இருட்டறையில் இருந்தார். வெளியே வந்து வாளிமேல் உட்கார்ந்தார்.

"நீதான்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா?" என்றார். "பொண்டாட்டிய இறைச்சிக் காட்டுக்குப் பக்கத்துல வர விட்டவன்னு என்னைத் தள்ளி வெச்சிருவாங்க. கேமராவோட எந்தச் சடங்குக்கும் விடமாட்டாங்க. முடிவுச் சடங்கு அடுத்த மழைக்கு."

"தெரியும்."

"அந்த ஒண்ணுதான் பாக்கி எலிசபெட்டா."

"தெரியுங்க."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா ஒண்ணும் ஆகாது. நீங்க படம் எடுக்கலாம். நான் கிணத்துக்குப் போவேன், அந்த அம்மாவும் கிணத்துக்கு வரும். எம் பக்கத்துல குடத்தை வெச்சுத் தண்ணி எறைக்கும்."

அவர் ரொம்ப நேரம் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் அவரை அவசரப்படுத்தவில்லை. எத்தனை மலை ஏறிய கால் அது. எனக்காகவும் கேட்கவில்லை, அவருக்காகவும் கேட்கவில்லை, மாதாவைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலையில் காலண்டரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு, "கெளம்பு" என்றார்.

பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து இந்த வழக்கைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அங்கே போவதில்லை. நான் நிழலுக்கு வெளியே வெயிலில் நின்றேன். லெமசுலானி பேசிக்கொண்டிருந்தார்.

"கடைக் கடையா என் மாப்பிள்ளை எலும்பு கடிச்சிக்கிட்டுத் தொங்குறான். நான் சக்கரை வாங்கப் போகவே கூச்சமா இருக்கு."

"போகாம இருந்தா மிச்சம் இருக்குற பல்லாவது தப்பிக்கும்" என்றார் ஒரு கிழவர். எல்லாரும் சிரித்தார்கள், லெமசுலானி தவிர.

இவர் முன்னால் போய் நின்றார். "அபய்யாமார்களே" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். "படத்துல இருக்குறது என் பொண்டாட்டி. புள்ளைக்கு உடம்பு முடியாம என்னைக் கூப்பிட வந்தா. நான் கவனிக்கல. லெசிராயோனுக்கும் தெரியாது. தப்பு என்னோடது."

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"ஊரான் வீட்டுப் பொம்பளைங்களையெல்லாம் சந்தேகப்பட வெச்சிட்டு, உன் வீட்டுலயே வெச்சிருந்தியா?"

"ஒரு கண்ணை மூடுறவன்னு சொன்னோம். ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டுத்தான் எடுத்திருக்கான்!"

அவர்களில் மூத்தவர் தடியைத் தூக்கினார். சத்தம் அடங்கியது. என்னைப் பார்த்துக் கேட்டார். "பொண்ணே, உன் கண்ணு எங்க இருந்துச்சு?"

"மலையப் பாத்து அபய்யா. இறைச்சிப் பக்கம் முதுகு."

"முதுகுன்னு நீ சொல்ற. நாங்க எப்படி நம்புறது?"

"என் புள்ள முதுகுல இருந்தான். படத்துல அவன் தலை தெரியுது பாருங்க. அவன் தலை உங்களுக்குத் தெரியுதுன்னா என் முகம் அந்தப் பக்கம்தானே இருக்கணும்."

இவர் காலண்டரைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கல்லை வைத்தார். பூதக்கண்ணாடி கை மாறியது. பல்லைப் பற்றிச் சொன்ன கிழவர் அதைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "அய்யோ, எவ்வளவு பெரிய மலை" என்றார். "அது உன் கட்டைவிரல், விலக்கு" என்று பக்கத்திலிருந்தவர் பிடுங்கிக்கொண்டார். மூத்தவர் கடைசியாக வாங்கி, மண்டியிட்டு, மூச்சு விடாமல் பார்த்தார்.

"புள்ளைதான்" என்றார். "தலை சாஞ்சிருக்கு. ஜுரப் புள்ள."

பிறகு லெமசுலானியிடம் கண்ணாடியைக் கொடுத்தார். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து, துணியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "மாடு எங்கயும் போகவேண்டாம், இங்கயே நிக்கட்டும்" என்றார். பெண்ணைக் கொடுக்கிறேன் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

தீர்ப்பு அதோடு முடியவில்லை. அந்தப் படம் எந்தச் சுவரிலும் இருக்கக்கூடாது. சில்வானோ இனி மொரான்களின் இறைச்சிக் காட்டுக்கோ, சடங்குக்கோ கேமராவோடு வரக்கூடாது. "ஒன்மேல கோவம் இல்ல தம்பி" என்றார் மூத்தவர். "ஆனா நீ பாக்கும்போது வேற எதையும் பாக்க மாட்டேங்குற. அது நல்லதில்ல." பிறகு எல்லாரும் எழுந்து நின்று ஆசீர்வாதம் சொன்னார்கள். மூத்தவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர்கள் "ங்காய்", "ங்காய்" என்று கடவுளின் பெயரைச் சொல்லிக் கையை மடக்கித் திறந்தார்கள். இவரும் சொன்னார். இவர் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் கடை கடையாகப் போனோம். ஆஸ்பத்திரிச் சுவர், மாவு மில், மிஷன் வாசல், லாரி நிற்கும் இடத்து டீக்கடை. இவர் கத்தியால் படத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, கீழே மாதத் தாள்களை விட்டுவிடுவார். கெடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"நல்லா இருந்த படத்தை இப்படிப் பண்றீங்களே மாமா! இனிமே என் கடைச் சுவத்தைப் பாத்தா மழுங்க சிரைச்ச தலை மாதிரி இருக்கும்."

"தேதி இருக்குல்ல? அது போதும் உனக்கு."

"தேதிய வெச்சு நான் என்ன பண்றது? எல்லாரும் மழை வந்ததும் தர்றேங்குறாங்க. காலண்டர்ல மழை எங்க போட்டிருக்கு?"

இவர் சிரித்தார். அந்த நாட்களில் சிரித்தது அது ஒன்றுதான். படங்களைச் சேர்த்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். வழவழப்புத் தாள், சீக்கிரம் பிடிக்கவில்லை. அவர் பெயரும் அதோடுதான் எரிந்தது. கம்பெனி திருப்பி அனுப்பியிருந்த நெகட்டிவை மூத்தவரின் கையில் கொடுத்தார். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "வெள்ளையெல்லாம் கறுப்பா இருக்கு" என்று சொல்லி நெருப்பில் போட்டார்.

லெசிராயோனின் கல்யாணம் நடந்தது. இவர் போகவில்லை, முழங்காலைச் சொன்னார். பிறகு கெடியின் கடைக்குப் பின்னால் ஒரு நீலத் துணியைக் கட்டி, அடையாள அட்டைக்கு முகம் எடுக்க ஆரம்பித்தார். சடையை ஒதுக்கு, நேராப் பாரு, சரி, அடுத்த ஆள் வா. நாள் முழுக்க அதுதான். இப்போது நடக்க வேண்டிய வேலை இல்லை. ஆனால் முன்னைவிடச் சோர்ந்து வந்தார்.

அடுத்த மழைக்கு முடிவுச் சடங்கு வந்தது, கல்யாணம் ஆனவர்களும் அதில் நிற்க வேண்டும். சடங்குப் பட்டியில் குடிசை கட்டுவது அம்மாக்கள் வேலை. லெசிராயோனின் அம்மா என்னைத் தேடிவந்து, "சாணி பூச ஒரு கை குறையுது, வர்றியா?" என்று கேட்டாள். போனேன். மலைச்சரிவு முழுக்கக் குடிசைகள், நடுவில் மொரான்கள், தோளோடு தோள் இடித்துப் பாட்டு. சடங்கு முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் திரும்பி வந்தேன். கை கால் எல்லாம் விட்டுப்போயிருந்தது. இவர் வாளிமேல் உட்கார்ந்திருந்தார். எனக்காக டீ போட்டு வைத்திருந்தார், சர்க்கரை கூடுதல்.

"உக்காரு" என்றார். "பலிக் காளையை எந்தப் பக்கமா படுக்க வெச்சாங்க?"

"கிழக்கால தலை."

"வெயில்?"

"எனக்குப் பின்னால. இல்ல, இடது தோள்ல அடிச்சுது."

"அப்ப முகமெல்லாம் நல்லாத் தெரிஞ்சிருக்கும். லெசிராயோன் முன்னால நின்னானா?"

"ரெண்டாவது வரிசை. அவன் அம்மா பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தான்."

"எப்போ?"

"ஆசீர்வாதமா காளைக் கொழுப்பைத் தடவும்போது. மத்தவங்கெல்லாம் கீழ குனிஞ்சிருந்தாங்க. இவன் மட்டும் நிமிந்து பாத்தான்."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கண்ணையும். "சொல்லு" என்றார். நான் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். யார் யார் பக்கத்தில் நின்றார்கள், யார் அழுதார்கள், எந்தக் குடிசை வாசலில் நாய் படுத்திருந்தது என்பதுவரை. கன்றுக்குட்டி குறுக்கே ஓடியதைச் சொல்லும்போது பார்த்தேன், தலை சுவரில் சாய்ந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. கையில் பிடித்திருந்த அவருடைய டீ, ஒரு வாய்கூடக் குடிக்காமல் அப்படியே இருந்தது.

நான் நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு, மீதியையும் சொல்லி முடித்தேன்.